செல்டம் என்று ஒரு சொல்

ஜூலை 4

ஆலைக்காரனிடம் சரக்கைப் போடாமல் இன்று திரும்பி வந்துவிட்டேன். தடைக்காலம் முடிந்து கடல் திறந்த முதல் வாரமே சிங்கி இறால் வால் பவுண்டுக்கு ஒன்பது டாலர் என்கிறான். போன பருவத்தில் பன்னிரண்டு கொடுத்த அதே வாய். "வேற எங்க கொண்டு போவீங்க மாமி?" என்று பல்லைக் குத்திக்கொண்டே கேட்டான். கேள்வி நியாயம்தான். எங்கள் பில்வி ஊரில் குளிரறை அவனுடையது, ஐஸ் அவனுடையது, வெளிநாட்டுக்குப் போகும் லாரியும் அவனுடையது.

பெட்டியை மூடி வீட்டுக்கு எடுத்து வந்து புது ஐஸ் போட்டு வைத்திருக்கிறேன். நாளை அதே ஒன்பதுக்குத்தான் கொடுக்கப்போகிறேன். அது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் ஓர் இரவு அவன் புரண்டு படுக்கட்டும்.

ஜூலை 5

ஒன்பதுக்கே கொடுத்தேன்.

ஜூலை 11

வடக்கேயிருந்து ஒரு கம்பெனி. ஆலையைத் தாண்டி, தீவுகளில் கொள்முதல் செய்யும் எங்களைப்போன்ற பெண்களிடமே நேராக வாங்க நினைக்கிறார்களாம். பவுண்டுக்குப் பதினான்கு. ஸ்பானிஷில் வந்த செய்தியை இரண்டு முறை படித்தேன். பதினான்குதான்.

ஒரு பெண் வருவாள், பெயர் ஹாலிஸ். கேள்விகள் கேட்பாள். பதில் பிடித்தால் ஒப்பந்தம். கேள்விகளை முன்கூட்டியே அனுப்பியிருக்கிறார்கள், எல்லாம் ஆங்கிலத்தில். ஊரில் காசுக்கு மொழிபெயர்க்கிற ஒரே ஆள் ஆலைக்காரனின் மருமகன். அவனைக் கூப்பிடுவதும் பூனையிடம் மீனைக் கொடுத்துத் துடுப்புப் போடச் சொல்வதும் ஒன்றுதான்.

நானே பேச வேண்டும். எங்கள் மொழி மிஸ்கிட்டோவில் சண்டை போடுவேன், ஸ்பானிஷில் பேரம் பேசுவேன். ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்தது ஐஸ், மணி, நோ குட். படகுத்துறைப் பாலத்தின்மேல் தேங்காய் ரொட்டி விற்றவள் இந்த மூன்றை வைத்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். இனி போதாது.

ஜூலை 15

கிரியோல் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் வெர்லாவிடம் போனேன். என் வயதுக்காரி, ஆங்கிலத்திலேயே பிறந்தவள். பாடத்துக்கு ஒரு சிங்கி என்று பேச்சு.

"சிங்கிக்கு மிஸ்கிட்டோவே புரியுது, உனக்கு எதுக்குடி இங்கிலீஷு?" என்றாள், ஒருத்தியின் தலையைத் தொட்டியில் அமுக்கிக்கொண்டே.

"விலைக்குப் புரியமாட்டேங்குது."

கேள்விகளை வாசித்தாள். ஏறக்குறைய எல்லாமே 'ஹவ் ஆஃபன்' என்றுதான் ஆரம்பிக்கின்றன. ஒரு காரியம் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று கேட்பதாம். அதற்குப் பதில் சொல்ல அவர்களிடம் ஒரு வரிசைச் சொற்கள் இருக்கின்றன. எப்போதும் நடந்தால் ஆல்வேஸ். அடிக்கடி நடந்தால் ஆஃபன். எப்போதாவது அபூர்வமாக நடந்தால் செல்டம். நடக்கவே நடக்காது என்றால் நெவர். எனக்கு உடனே பிடிபட்டது. வாலைத் தரம் பிரிப்பதுபோலத்தான். பெரியது, நடுத்தரம், சிறியது, கழிவு.

கடலில் மூழ்கிச் சிங்கி பிடிக்கும் குளியாட்களுக்கு எவ்வளவு அடிக்கடி அடிபடுகிறது என்பது ஒன்பதாவது கேள்வி.

"நெவர்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லு. உடனே பெட்டியைக் கட்டிட்டுப் போயிடுவா. நெவர்னு சொல்றவன் பொய்யன்னு அவங்களுக்குச் சின்ன வயசுலயே சொல்லிக் குடுத்திருக்காங்க."

"அப்ப செல்டம்."

"அது உண்மையா இருந்தா."

"உண்மையான்னு எப்படித் தெரியும்? எத்தனை நடந்தா செல்டம், எத்தனை நடந்தா ஆஃபன்? ஏதாவது அளவு இருக்கும்ல."

வெர்லா சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு யோசித்தாள். "எங்கம்மா சொல்ற அளவு ஒண்ணு இருக்கு. நடந்தது ஒவ்வொண்ணும் தனித்தனியா ஞாபகம் இருந்தா செல்டம். ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சுன்னா, அது ஆஃபன்."

நல்ல தராசு. ஒரு சிங்கி கொடுத்தது தகும்.

ஜூலை 16

என்னிடம் சரக்குப் போட்ட குளியாட்களில், ஆழத்திலிருந்து ஏறும்போது உடம்பில் அழுத்தம் பிடித்தவர்களை நினைத்துப் பார்த்தேன். ஒர்லிஸ், இடது கால் இழுத்துவிட்டது. வால்டிமார், செத்துப்போனான், கிறிஸ்துமஸுக்கு முன்வாரம். இரட்டையர்களில் ஒருவன், செல்சோ. எல்லோரும் முகத்தோடு, உடுத்தியிருந்த சட்டையோடு ஞாபகத்தில் இருக்கிறார்கள். கலக்கவில்லை.

அதுவும்போக எங்கள் ஆட்கள் யாரும் அதை விபத்து என்று சொல்வதே இல்லை. கடலை ஆளும் லிவா தொட்டுவிட்டாள் என்பார்கள். கடலுக்கு அடியில் இருக்கிற அவளுடைய சிங்கியை அளவுக்கு மீறி எடுத்தவனை அவள் இடுப்புக்குக் கீழே தொடுவாள். தீவில் போய் விபத்து உண்டா என்று யாரிடம் கேட்டாலும் இல்லை என்பான். மனதறிந்த பொய்யும் இல்லை அது.

ஆக, செல்டம்.

ஜூலை 24, தீவு

கடலுக்குள் கம்பு நட்டுக் கட்டிய என் வீட்டில் இரண்டு நாளாக இருக்கிறேன். அரிசி, சீனி, சிகரெட் கொடுத்து வால் வாங்குகிறேன். என் தங்கை நெல்டாவின் புருஷன் எவாரிஸ்தோதான் என் குளியாட்களில் முதல் ஆள். அவன் இறங்கி ஏறினால் மற்றவர்களின் பெட்டி வெட்கப்படும்.

எனக்கு ஆங்கிலப் பாடம் நடப்பது தீவு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதைக் கேட்டாலும் எவாரிஸ்தோ அந்தப் பாடத்துச் சொல்லைத்தான் எடுத்து வீசுகிறான்.

"சாப்டியா?"

"செல்டம், அக்கா."

"நெல்டாவை நினைச்சியா?"

"ஆல்வேஸ். அவகிட்ட இதைச் சொல்லிடு."

படியேறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றான். வலிக்குதா என்றேன். எப்பவாவது என்றான். நேற்றும் அந்தப் படியில் நின்றதைப் பார்த்தேன். இரண்டு நாளைக்குள்ளேயே எப்பவாவது என்றால்... நான் மேலே கேட்கவில்லை.

ஹாலிஸ் வருகிற நாளில் பெட்டி நிறையப் பெரிய வால் இருக்க வேண்டும். பெரிய சிங்கி இப்போது கடலடியில் இருக்கும் கிழக்கு மேட்டில்தான், நல்ல ஆழத்தில். பக்கத்துப் பாறைகளை எல்லாம் என்றைக்கோ துடைத்தாகிவிட்டது. அதை அவனிடம் சொன்னேன்.

"அங்கயா? லிவா வீட்டு அடுப்பங்கரை அது."

"போன்னு நான் சொன்னேனா? போனா நல்லா இருக்கும்னு சொன்னேன்."

சிரித்தான். "நீ எப்பதான் போன்னு சொல்லியிருக்க, அக்கா?"

ஆகஸ்ட் 8

ஃபைபர் படகைத் தீவிலிருந்து ஊருக்குக் கொண்டுவரச் சொன்னேன். ஹாலிஸை அதில்தான் கூட்டிப்போக வேண்டும். நீலப் பெயின்ட், புது மிதவைச் சட்டைகள். படகோட்டி லியோன்சியோ தலையைச் சொறிந்தான்.

"அக்கா, தீவுல வேற வேகப் படகு இல்லையே. ஆத்திர அவசரத்துக்கு?"

"ஐஸ் படகு இருக்கு. ரெண்டே நாளு. நான் சொல்லாம நீ கயிறை அவுக்கக்கூடாது."

ஐஸ் படகு ஊர் வந்து சேர ஒரு பகல் ஆகும். எனக்குத் தெரியாததா?

ஆகஸ்ட் 10, மதியம்

முடிந்தது. நன்றாகவே முடிந்தது.

ஹாலிஸ் ஒல்லி, சூரியன் மூக்கைச் சுட்டிருந்தது. கேட்டுக் கேட்டுக் கையிலிருந்த கணினிப் பலகையில் தட்டிக்கொண்டாள். ஒன்பதாவது கேள்வி வந்தது. நான் அவசரப்படவில்லை. சரக்கின் எடையை நினைவுபடுத்திக்கொள்பவள்போலக் கூரையைப் பார்த்தேன். பிறகு "செல்டம்" என்றேன். அவள் நிமிர்ந்தாள். அந்தச் சொல்லை என்னிடம் எதிர்பார்க்கவில்லை. முகம் மலர்ந்து தட்டிக்கொண்டாள். ஒரு சொல் ஒரு பெட்டி சரக்குக்குச் சமம் என்பதை இன்றுதான் பார்த்தேன்.

அடுத்த கேள்வி, ஆபத்து நேரத்துக்குத் தீவில் வேகப் படகு எவ்வளவு அடிக்கடி நிற்கிறது?

"ஆல்வேஸ்."

காற்று கொஞ்சம் கூடியதால் ஹாலிஸை இன்று தீவுக்குக் கூட்டிப்போகவில்லை. சாயங்காலம் அவளுக்கு விருந்து. தேங்காய்ப்பாலில் மரவள்ளியும் மீனும் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 11

எவாரிஸ்தோவுக்கு அழுத்தம் பிடித்துவிட்டது. நேற்று.

ஆகஸ்ட் 13

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளாக ஆக இதை எனக்குச் சாதகமாக மாற்றிக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும்.

பத்தாம் தேதி மத்தியானம் கிழக்கு மேட்டிலிருந்து மேலே வந்திருக்கிறான். நல்ல சரக்கு. தோணியில் உட்கார்ந்து ஒரு சிகரெட் குடித்திருக்கிறான். பிறகு, என் காலை யாரோ எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க என்றானாம். மற்றவர்கள் அதையும் அவன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். அப்புறம்தான் வீட்டுக்குத் தூக்கி வந்து, பச்சிலை வைத்துத் தேய்த்து, புகை போட்டு, லிவாவைக் கும்பிட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் முதலில் அதைத்தான் செய்வார்கள். ஊர் ஆஸ்பத்திரியில் இதற்கென்றே இருக்கும் அழுத்த அறை அப்புறம்தான் ஞாபகம் வரும். பொழுது சாயும்போது ரேடியோவில் ஊரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

செய்தி லியோன்சியோவுக்குக் கிடைத்தது. அவன் விருந்து நடந்த இடத்தின் வாசலில் வந்து நின்றான். நான் பார்த்தேன். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றான். ஹாலிஸ் விலை பேச ஆரம்பித்திருந்த நேரம். நான் கையை உயர்த்தி, இரு, என்று சைகை காட்டினேன்.

அவன் இருந்தான். சொன்னால் கேட்கிறவன்.

யார் அவர் என்று ஹாலிஸ் கேட்டாள். என் படகோட்டி, எப்போதும் தயாராக நிற்பான் என்றேன். ஆல்வேஸ். அந்தச் சொல்லையும் சரியான இடத்தில்தான் பயன்படுத்தினேன்.

அவளை அறைக்கு அனுப்பிவிட்டு நான் வெளியே வந்தபோது கடல் கறுத்துப்போயிருந்தது. இந்த அலையில் இனி முடியாது, வெளிச்சம் இருந்தப்ப போயிருந்தா போயிருக்கலாம் என்றான் லியோன்சியோ. வேறொன்றும் சொல்லவில்லை. விடியலில் படகு போயிற்று. ஹாலிஸிடம் கடல் சரியில்லை, அடுத்த முறை தீவைப் பார்க்கலாம் என்று சொல்லி விமானத்தில் ஏற்றிவிட்டேன். மத்தியானம் எவாரிஸ்தோவைக் கொண்டுவந்து பாலத்தில் இறக்கினார்கள். இடுப்புக்குக் கீழே நனைந்த சாக்குபோல இருந்தான்.

"அக்கா, பெட்டி நிறைஞ்சிருக்கு," என்றான்.

ஆகஸ்ட் 16

அழுத்த அறையில் தினமும் போட்டு எடுக்கிறார்கள். சீக்கிரம் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். நெல்டா என் பக்கம் திரும்பவில்லை. லியோன்சியோ வாயைத் திறந்திருக்க மாட்டான். ஆனால் இது சின்ன ஊர்.

ஆகஸ்ட் 19

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு ஒருவன் வந்தான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"அக்கா! என்னை ஞாபகம் இல்லையா? உங்ககிட்டதான் ரெண்டு பருவம் சரக்குப் போட்டேன். எனக்கு உடம்பு சரியில்லாதப்ப உங்க கையால வாழைப்பழக் கஞ்சி கரைச்சுக் குடுத்தீங்க."

"ஞாபகம் இல்லாம என்ன. எப்படி இருக்க?"

"இப்படித்தான், இருக்கேன்." கட்டையால் தரையைத் தட்டிக் காட்டிச் சிரித்தான். "பிள்ளைங்க நல்லா இருக்கா?"

பெயர் வரவில்லை. முகமும் வரவில்லை. கஞ்சி கரைத்தது ஞாபகம் இருக்கிறது. அதை யார் யாருக்குக் கரைத்தேன்? ஒர்லிஸுக்கு. செல்சோவுக்கு. அதற்கு முன்னால் ஒருவன், கூரைக்கு அடியில் படுத்திருந்தான், மழை. அது இவனா? இல்லை அந்த மழையில் வேறொருவனா? காலில் தழும்பு இருந்தவன் யார்? கஞ்சி வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியவன்?

கலந்துபோயிருக்கிறது. எல்லாம் கலந்துபோயிருக்கிறது.

ஆகஸ்ட் 20

பெயர் இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 2

வெர்லாவின் கடைக்குப் போனேன். தலைக்கு ஒன்றுமில்லை, சும்மா உட்கார்ந்தேன். உன் தராசு எனக்கு எதிராகச் சாய்கிறது என்றேன். வராந்தாவில் பார்த்தவனைப் பற்றிச் சொன்னேன்.

சீப்பில் சிக்கிய முடியை இழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னாள். "நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். யாரும் உன்ன மாதிரி சரியாப் புரிஞ்சுக்கிட்டதில்ல. போய்த் தொலை, இன்னைக்கு சிங்கி வேண்டாம்."

செப்டம்பர் 9

எவாரிஸ்தோவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கால் இல்லை. இருக்கிறது, ஆனால் இல்லை. சக்கர நாற்காலி நான் வாங்கிக் கொடுத்தேன். நெல்டா அதை வாங்கி வாசலில் வைத்தாள். நன்றி சொல்லவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் உட்கார்ந்துவிட்டு வந்திருப்பேன்.

செப்டம்பர் 22

ஹாலிஸிடமிருந்து செய்தி. என் குடும்பத்திலேயே ஒருவருக்கு அடிபட்டதாக அவளுக்குத் தகவல் போயிருக்கிறது. ஆலைக்காரன் வேலை, வேறு யார். அக்டோபர் முதல் வாரம் வருகிறாளாம். அடிபட்டவரை நேரில் பார்த்து, நான் அறையில் இல்லாதபோது, அதே கேள்வியைக் கேட்பாளாம். அடிக்கடி நடக்கிறது என்று அவர் சொன்னால் கம்பெனி வாங்காது. அபூர்வம் என்றால் ஒப்பந்தம் தயார்.

வாங்காவிட்டால் மறுபடி ஆலைக்காரன், ஒன்பது. என் படகுக்காரர்கள், நான் அரிசி கொடுக்கிற குளியாட்கள், எல்லோருக்கும் ஒன்பது. நெல்டாவுக்கு எதுவுமே இல்லை. இப்படியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். கணக்கு சரியாகத்தான் வருகிறது. எனக்கு என்றைக்குத்தான் கணக்கு தப்பியிருக்கிறது?

செப்டம்பர் 27

போனேன். சர்ச்சுக்குப் போகிறவளைப்போல நல்ல உடை உடுத்திக்கொண்டு போனேன், ஏன் என்று தெரியவில்லை. எவாரிஸ்தோ ஜன்னலோரம் உட்கார்ந்து வலை முடிந்துகொண்டிருந்தான். நெல்டா அடுப்பில் வாழைக்காயை வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

உடம்பைப் பற்றிக் கேட்டேன். வானிலையைப் பற்றிச் சொன்னேன். அவன் நூலைப் பல்லால் கடித்தான்.

"அக்கா, நீ வியாபாரி. எங்கிட்டயும் வியாபாரமாவே பேசு. அழ வந்தியா, வாங்க வந்தியா?"

"வாங்க வந்தேன்."

"எதை?"

"ஒரு சொல்லை."

சிரித்தான். பழைய சிரிப்புதான், கொஞ்சம் மெலிந்திருந்தது. "செல்டம். எனக்குத் தெரிஞ்ச ஒரே இங்கிலீஷு. நீ பழகினப்ப ஓசியில கத்துக்கிட்டது. இப்ப அதுக்கு விலை இருக்கா?"

"இருக்கு."

"பொய் சொல்லணும்."

"அவ விபத்தைத்தான் கேக்கறா. விபத்து எப்பவாவதுதான். நீங்களே லிவான்னுதானே..."

"லிவாவை நடுவுல இழுக்காத." குரல் உயரவில்லை. ஆனால் அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. "எத்தனை பேரைத் தொட்டோம்னு அவளுக்குத் தெரியும். அவ கணக்குப் பிசகாது. உனக்குத் தெரியுமா?"

வராந்தாவில் பார்த்தவனைப் பற்றி அப்போது சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? பேரத்தில் என் பக்கத்துப் பலவீனத்தை நானே எடுத்து மேசைமேல் வைத்தது இதுதான் முதல்முறை. கட்டை ஊன்றியவன், கஞ்சி, மழை, எல்லாம் சொன்னேன். எவாரிஸ்தோ தலையாட்டினான்.

"அவன் பேரு எனக்குத் தெரியும்."

"சொல்லு."

"அது விலையில சேராது. வேணும்னா நீயே போய் அவன்கிட்டக் கேளு."

பிறகு பேசினோம். நன்றாகப் பேரம் பேசினான். இவன் கடலுக்குப் போகாமல் கரையில் கடை போட்டிருந்தால் எனக்கே போட்டியாக இருந்திருப்பான். நான் பவுண்டுக்கு அரை டாலரில் ஆரம்பித்தேன். எந்தக் கை, எந்தக் கால் என்று கேட்டான். என்ன என்றேன். "பாதி விலைன்னா பாதி ஆளுக்குத்தானே. எனக்கு எந்தப் பாதியைத் திருப்பித் தரப்போற?" நெல்டா முதல்முறையாக வாயைத் திறந்து, "காசு அவர் கைல வேணாம், என் கைல," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பானையைப் பார்த்துச் சொன்னாள்.

அக்டோபர் 4

ஹாலிஸ் வந்தாள். எவாரிஸ்தோ சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு மேசைக்குப் பின்னால் முன்கூட்டியே உட்கார்ந்திருந்தான். தூக்கி உட்காரவைப்பதை அவள் பார்க்கக்கூடாது என்று நெல்டாவிடம் சொல்லியிருக்கிறான். நான் வெளியே, வீட்டுக்கு அடியில், அதைத் தாங்கும் மரக்கால்களுக்கு நடுவே நின்றேன். பலகைத் தரை, எல்லாம் கேட்கும்.

அவளுடைய ஸ்பானிஷ் தட்டுத்தடுமாறியது. கேள்வியை மட்டும் தெளிவாக ஆங்கிலத்திலும் சொன்னாள். ஹவ் ஆஃபன்.

தூரத்தில் யாரோ கம்ப்ரசரை ஓட்டி நாளைக்கான சிலிண்டர்களில் காற்று நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் மட்டும். அவன் ஆஃபன் என்று சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த ஒரு நிமிடத்தை எனக்குச் சாதகமாக நான் எழுதவில்லை, நிஜமாகவே நினைத்தேன்.

"செல்டம்," என்றான்.

என்னைவிட நன்றாக உச்சரித்தான்.

அக்டோபர் 5

கையெழுத்தாயிற்று. வால் பவுண்டுக்குப் பதினான்கு டாலர், பருவம் முழுக்க, கிழக்கு மேட்டுச் சரக்கு உட்பட. எவாரிஸ்தோவோடு பேசி முடித்தபடி அதில் பவுண்டுக்கு ஒரு டாலர் நெல்டாவின் கையில், கொள்முதல் நடக்கும்வரை, நான் செத்தாலும். ஃபைபர் படகு தீவைவிட்டு நகரக்கூடாது, யார் விருந்துக்கு வந்தாலும். அந்தச் சொல்லை அவர்கள் வீட்டில் நான் இனி உச்சரிக்கக்கூடாது.